போகாத பெட்டிக்கு ஒரு ஹேவ்

அந்த அம்மாளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படிப் பழைய கதை எழுதுகிறவர்கள் கடைசியில் எல்லோரையும் மன்னித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். எனக்கு அந்த வழக்கம் கிடையாது. ஏழு வருஷம் ஆகிறது. மாட்டுங்கா மார்க்கெட்டில் நரைத்த கொண்டையும் தோளில் கறுப்புப் பையுமாக யாராவது முன்னால் போனால் இப்போதும் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன்.

செம்பூர் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். அடுத்தவர் சரக்கை விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பிக் கொடுக்கிற வேலை. பாண்டுப்பில் எங்கள் கோடவுன். அங்கே பெட்டிகளைக் கட்டுவார்கள், டெம்போ ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோகும். நாங்கள் செம்பூரில் உட்கார்ந்து அந்தப் பெட்டிகளைப் பற்றி மெயில் எழுதுவோம். வேலை பார்த்த காலத்தில் ஒரு பெட்டியைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை.

மெயில்களுக்கெல்லாம் பொறுப்பு அந்த அம்மாள். பாலக்காட்டுக் குடும்பம், மூன்று தலைமுறையாக மாட்டுங்கா. நான் தாராவி. என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். தொண்ணூறடி ரோட்டுக்கு உள்ளே ஒரு சந்தில் நான்கு மெஷின் போட்டு ஸ்கூல் பை தைக்கிறார். கீழே மெஷின், மேலே பலகைத் தட்டில் எங்கள் குடித்தனம். செம்பூரில் எனக்கு ஆறு மாதம் சோதனைக்காலம். தேறினால் நிரந்தர வேலை. தேறாவிட்டால் வீட்டுக்குப் போய் மறுபடியும் அந்த ஃபோனை எடுக்க வேண்டும்.

அந்த ஃபோனைப் பற்றிச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. கண்ணாடி உடைந்து, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, மெஷின்களுக்கு நடுவில் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கவரில் தொங்கும். அதை எடுத்துப் பேசுகிற வேலை பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு. எனக்கு ஹிந்தி நன்றாக வரும், குரலும் மரியாதையாக இருக்கும் என்று அப்பா சொல்வார். கூப்பிடுகிறவர்கள் மொத்தக் கடைக்காரர்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி, மால், அதாவது சரக்கு, ஆயிற்றா இல்லையா. அப்பா மெஷினை மிதித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார்.

"ஆயிட்டுன்னு சொல்லுட்டி."

"ஹோ கயா, சேட்" என்பேன். ஆகியிருக்காது. பைக்கு ஜிப்பே வைத்திருக்க மாட்டார்கள்.

இதைப் பொய் என்று எங்கள் சந்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு ஒரு கணக்கு இருந்தது. 'ஹோ ரஹா ஹை', ஆகிக்கொண்டிருக்கிறது என்றால் துணியில் இன்னும் கத்தரி படவில்லை. 'ஹோ கயா', ஆகிவிட்டது என்றால் மெஷினில் ஏறியிருக்கிறது. 'நிகல் கயா', கிளம்பிவிட்டது என்றால் டெம்போக்காரரிடம் சொல்லியிருக்கிறோம், அவர் எங்கேயோ வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கடைக்காரருக்கும் இது மனப்பாடம். ஆகிவிட்டது என்று நான் சொன்னால் இரண்டு நாள் கூட்டிப் போட்டு அதற்கு ஏற்றபடி தன் வேலையைப் பார்ப்பார். அவரும் சளைத்தவரில்லை. பணத்தோடு ஆள் கிளம்பிவிட்டான் என்பார், ஆள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது எனக்குக் கேட்கும். இரண்டு பக்கமும் தெரிந்த விளையாட்டு. ஆகவில்லை என்கிற வார்த்தையை மட்டும் அந்த ஃபோனில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு அது வெறுத்துப் போயிருந்தது. இருபத்து மூன்று வயதில், பி.காம் முடித்துவிட்டு, தைக்கிற சத்தத்துக்கு மேலே கத்தி, ஒரு நாளைக்கு நான்கு தடவை 'ஹோ கயா' சொல்வது. செம்பூர் வேலை கிடைத்த அன்று அந்த ஃபோனை ஆணியில் மாட்டிவிட்டு, இனி உன்னைத் தொட்டால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஆபீஸில் முதல் வாரமே அந்த அம்மாள் என் தமிழைக் கண்டுபிடித்துவிட்டார். மற்றவர்களிடம் அவர் இங்கிலீஷ் பேசுவார், பியூனிடம் மராத்தி, டெம்போக்காரர்களிடம் ஹிந்தி. என்னிடம் மட்டும் தமிழ், அதுவும் திட்டுவதற்கு மட்டும். நல்ல வார்த்தை ஏதாவது இருந்தால் அது இங்கிலீஷில் வரும். அப்படி வந்ததாக ஆறு மாதத்தில் ஒரே ஒரு நாள்தான் ஞாபகம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் எழுதுகிற எந்த மெயிலும் அவர் பார்த்த பிறகுதான் வெளியே போகும். அவர் திரையில் பார்க்க மாட்டார், பிரிண்ட் எடுத்து சிகப்புப் பேனாவோடு உட்காருவார். 'ஐ ஹேவ் சென்ட் தி பேப்பர்ஸ் எஸ்டர்டே' என்று ஒரு நாள் எழுதியிருந்தேன். ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி படித்தார்.

"எஸ்டர்டேன்னு போட்டிருக்கே. நேத்திக்கு முடிஞ்சு போச்சோல்லியோ? முடிஞ்சு போனதுக்கு எதுக்கு ஹேவ்? உங்க தாராவில இதெல்லாம் சொல்லித் தரமாட்டாளா?"

"சரி மேடம்" என்றேன். வேறு என்ன சொல்வது.

அதோடு விடவில்லை. டீ மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு உண்டு, லீவு லிஸ்ட் ஒட்டுகிற போர்டு. என் மெயிலை அதில் குத்தி வைத்தார். மேலே பெயர் இல்லை. பெயர் எதற்கு, டீ எடுக்க வந்த எல்லோரும் அதைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த வாரம் இரண்டாவது, அதற்கடுத்து மூன்றாவது. நான்காவது காகிதம் ஏறிய அன்று நான் டீ குடிப்பதையே விட்டுவிட்டேன்.

விஷயம் என்னவோ சின்னதுதான். இங்கிலீஷில் நடந்து முடிந்ததைச் சொல்ல இரண்டு வழி. நேற்று, போன வாரம், பத்து மணிக்கு என்று நேரத்தைச் சொல்லிவிட்டால் வெறுமே 'சென்ட்', ஹேவ் கூடாது. எப்போது என்று சொல்லாமல், நடந்ததன் பலன் இப்போது கையில் இருக்கிறது என்றால் 'ஹேவ் சென்ட்'. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. சயானிலிருந்து செம்பூருக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டே சின்ன நோட்டைப் பார்த்து முணுமுணுப்பேன். கோபம்தான் அதிகம் வரும். அனுப்பினேன், அனுப்பியிருக்கிறேன், அனுப்பிவிட்டேன், அனுப்பியாயிற்று என்று நாங்கள் நாலு விதமாகச் சொல்கிறவர்கள். நேற்றே அனுப்பியாச்சு என்று தாராளமாகச் சொல்லலாம், யாரும் பேனாவைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள். போயும் போயும் இரண்டே வழி வைத்திருக்கிறவனிடம் நான் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

முழித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஹேவ் போட்டால் நேரம் சொல்ல வேண்டாம். சொல்லக் கூடாது என்பதுதான் சட்டமே. வெறும் 'சென்ட்' என்று எழுதினால் எத்தனை மணிக்கு என்று அடுத்த கேள்வி வரும், கோடவுனுக்கு ஃபோன் போட்டுக் கேட்க வேண்டும், அங்கே யாரும் எடுக்க மாட்டார்கள். 'ஹேவ் சென்ட்' என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை. எங்கள் சந்தின் 'ஆயிட்டு'வுக்கு வெள்ளைக்காரன் இலக்கணமே எழுதி வைத்திருக்கிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அதன் பிறகு நான் பிழை விடவில்லை. டெம்போக்காரர் 'நிகல் கயா' என்று சொன்னதும் 'வீ ஹேவ் ஹேண்டட் ஓவர்', ஏர்போர்ட்டில் ஒப்படைத்துவிட்டோம் என்று எழுதிவிடுவேன். நிகல் கயா என்றால் என்ன அர்த்தம் என்று என்னைவிடத் தெரிந்தவர் அந்த ஆபீஸில் யார்? பெட்டி இன்னும் பாண்டுப்பில் இருக்கும், இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரும். ஒவ்வொரு தடவையும் சாயங்காலத்துக்குள் நான் எழுதியது உண்மையாகிவிட்டது. சரக்கை வாங்குகிற துபாய்க்காரரும் எங்கள் சேட் மாதிரி இரண்டு நாள் கூட்டிப் போட்டுக்கொள்வார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யோசித்து நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை அப்படிப் பழகியிருந்தது.

சோதனைக்காலம் முடிய பத்து நாள் இருந்தது. துபாயில் ஒரு புதுக் கடை, வெள்ளிக்கிழமை திறப்பு. கடைக்குத் தொங்கவிடுகிற விளக்குகள் பதினெட்டுப் பெட்டி எங்கள் வழியாகப் போக வேண்டும். புதன்கிழமை மத்தியானம் அவர்களிடமிருந்து மெயில் வந்தது: பெட்டிகளை ஒப்படைத்தாகிவிட்டதா, ஆகியிருந்தால் நாளைக் காலை இங்கே ஏர்போர்ட்டுக்கு வண்டியும் ஆட்களும் அனுப்புகிறோம், இல்லையென்றால் வேறு ஏற்பாடு செய்ய இப்போது நேரம் இருக்கிறது. நான் டெம்போக்காரரைக் கூப்பிட்டேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"நிகல் கயா, மேடம்" என்றார்.

நான் எழுதினேன். ஒப்படைத்துவிட்டோம், காகிதங்களையும் இணைத்திருக்கிறோம், உங்கள் பொறுமைக்கு நன்றி சொல்கிறோம். மூன்று வரியில் மூன்று வினை, ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய இடத்தில். அந்த அம்மாள் பிரிண்ட் எடுத்தார், பேனாவின் மூடியைத் திறந்தார், படித்தார், மூடினார்.

"குட்" என்றார், இங்கிலீஷில். அவர் சொன்ன அந்த ஒரே நல்ல வார்த்தை இதுதான்.

அவரே எழுந்து போய் போர்டில் இருந்த என் பழைய காகிதங்களைக் கழற்றினார். புதியதை நடுவில் குத்தினார். மற்றவர்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. வெறுக்கிறவரிடம் வாங்குகிற பாராட்டுக்கு இவ்வளவு ருசி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு மாதமாகத் தொடாத டீயை அன்று போய் எடுத்துக் குடித்தேன்.

டெம்போ குர்லாவில் தண்ணீரில் நின்றுவிட்டது. எஞ்சினுக்குள் தண்ணீர். பெட்டிகள் ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தன, விமானம் போய்விட்டது, எங்களுக்கு அது மறுநாள்தான் தெரிந்தது. வியாழக்கிழமை காலை துபாயில் இரண்டு வண்டியும் ஆறு ஆட்களும் ஏர்போர்ட்டில் காத்துக் கிடந்தார்கள். வெள்ளிக்கிழமை அந்தக் கடை, கூரையில் வெறும் வயர் தொங்கத் திறந்தது. அந்தப் படத்தை அவர்கள் எங்கள் முதலாளிக்கு அனுப்பினார்கள், கீழே என் மெயிலையும் சேர்த்து.

முதலாளி அறையை விட்டு வெளியே வந்தார். கையில் எதுவும் இல்லை, தேவையும் இருக்கவில்லை. டீ மெஷினுக்கு நேராகப் போய் போர்டில் இருந்ததை நின்று படித்தார். பிறகு திரும்பி, இதை யார் பார்த்து அனுப்பியது என்று கேட்டார்.

அந்த அம்மாள் எழுந்து நின்றார். அவர் நிற்பதை அன்றுதான் நான் சரியாகப் பார்த்தேன், என்னைவிடக் குள்ளம். "நான் இங்கிலீஷை மட்டும்தான் பார்த்தேன், சார்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

அது பொய்யில்லை. ஆறு மாதமாக அவர் அதைத்தான் பார்த்தார். பெட்டி போயிற்றா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னிடம் கேட்டிருந்தால் நான் எச்சிலை விழுங்கியிருப்பேன், அவருக்கும் விளங்கியிருக்கும். கேட்கவில்லை. ஹேவ் வந்ததா, எஸ்டர்டே வந்ததா, அவ்வளவுதான் அவருக்கு. இதற்காகத்தான் நான் அவரை மன்னிக்கவில்லை, போர்டில் குத்தியதற்காக அல்ல.

முதலாளி தன் அறைக்குப் போனதும் அந்த அம்மாள் என் பக்கம் திரும்பினார். தமிழ் வந்தது.

"போகாததைப் போயாச்சுன்னு எப்படி எழுதினே?"

"போயிரும்னு நெனச்சேன், மேடம்."

"நெனச்சியா?"

"டெம்போக்காரர் கெளம்பியாச்சுன்னு சொன்னார். கெளம்பியாச்சுன்னா எங்க பக்கம்..." கத்தரி, ஜிப், வடாபாவ், சேட், இதையெல்லாம் அந்த இடத்தில் நின்று எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்றிருப்பார்.

"பொய் சொல்றதுக்கா இவ்வளவு இலக்கணம் கத்துண்டே?" என்றார்.

நறுக்கென்று ஏதாவது திருப்பிக் கேட்டிருக்கலாம் என்று அப்புறம் ஏழு வருஷமாக யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை, அவர் சொன்னது சரியாக இருந்ததுதான் காரணம். சரியாகச் சொல்கிறவர்கள் நல்லவர்களாகவும் இருந்துவிட்டால் எவ்வளவு வசதி.

மூன்று மணிக்கு வேலையிலிருந்து விடுவித்த கடிதம் தந்தார்கள். அந்த அம்மாள் எழுதியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, இனி கோடவுனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார்களாம். பஸ்ஸில் அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தேன், எங்கேயாவது ஒரு பிழை கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நான்கு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா என் முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த கவரைப் பார்த்தார், மெஷினை நிறுத்தினார். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, கைய கழுவிட்டு சாப்பிடு" என்றார். மறுபடி மெஷினை மிதித்தார்.

நான் தட்டில் கை வைத்தபோது ஃபோன் அடித்தது. அப்பா கையில் பாதி தைத்த பை. தலையால் ஆணியைக் காட்டினார். எடுத்தேன். மஸ்ஜித் பந்தர் கடைக்காரர், எனக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து தெரிந்த குரல்.

"ஹோ கயா க்யா?" என்றார். அவருடைய ஆர்டர் அறுபது பை. நாற்பது தைத்து முடித்து என் காலருகே அடுக்கியிருந்தது. மீதி மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது.

என் பையில் அந்தக் கடிதம் இருந்தது. காதில் 'பொய் சொல்றதுக்கா' இருந்தது. அந்த ஃபோனில் அதுவரை யாரும் சொல்லாத 'ஆகவில்லை'யைச் சொன்னேன்.

"நஹி ஹுவா, சேட்."

"அச்சா", சரி என்றார் மெதுவாக, ரொம்ப மரியாதையாக. வைத்துவிட்டார்.

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டைக் கழுவுவதற்குள் அவர் மறுபடி கூப்பிட்டார், அப்பா எடுத்தார். வேண்டாம், பக்கத்துச் சந்தில் வேறு ஆளிடம் சொல்லியாயிற்று என்றார் அவர். அப்பா தைத்துவைத்த நாற்பது பையைப் பார்த்துக்கொண்டே "நஹி சேட், சுனியே சேட்", கொஞ்சம் கேளுங்கள் என்று நாலைந்து தடவை சொன்னார். பிறகு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, அவர்ட்ட என்ன சொன்ன?"

"ஆகலன்னு சொன்னேன். ஆகலதானப்பா?"

"ஆகலன்னா துணியே வாங்கலன்னு அர்த்தம்ட்டி. கட பூட்டிட்டுப் போறோம்னு நெனச்சிருப்பாரு. இத்தன வருசத்துல ஒருத்தன்கூட அவர்ட்ட அப்படிச் சொன்னதில்ல."

மெஷின்காரர்கள் மூன்று பேரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"நெசத்த அங்கன சொல்லிருக்கணும்" என்றார். "பொய்ய இங்கன சொல்லிருக்கணும். நீ மாத்திச் சொல்லிட்டு வந்து நிக்க."

அந்த நேரம் பார்த்து ஃபோன் மறுபடியும் அடித்தது. அப்பா மடியிலிருந்து எடுத்து, தான் பேசாமல், என்னிடம் நீட்டினார். பன்னிரண்டு வயதில் நீட்டியதைப் போலவே. இன்னொரு கடைக்காரர், போன வாரம் நூறு பை சொன்னவர். கேள்வி தெரிந்ததுதான்.

"ஹோ கயா, சேட்" என்றேன்.

குரல் நன்றாகவே வந்தது, மரியாதையாக. அந்த நூறு பைக்கு நாங்கள் இன்னும் துணி வாங்கவில்லை.